பழைய ஜீப்புக்கு வீட்டு வாசலிலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி?

போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளின் பக்கத் தகடுகளை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். ஒருபுறம் உண்ணிச்செடியும் மறுபுறம் காப்பிக் கிளைகளும் உரசும் தடத்தில் ஓடுகிற வண்டியில் பட்டறைப் பளபளப்பு நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு, கண்ணைப் பறிக்கும் பூச்சைக் காட்டிலும், கீறல் விழுந்த அன்று மாலையே உரிமையாளர் தம் கையால் சரிசெய்துகொள்ளக்கூடிய பூச்சே பொருத்தமானது என்பது என் கருத்து. தூரிகையாலும் ரோலராலும் பூசப்படும் சிந்தெடிக் எனாமல் அத்தகையது. என்னிடமுள்ள 1991ஆம் ஆண்டு மகிந்திரா எம்.எம். 540 வண்டிக்கு இரண்டு முறை இவ்வாறு பூசியிருக்கிறேன். முதல் முறை பானட்டைப் பாழாக்கினேன். இரண்டாம் முறை ஓரளவு தேறினேன். அந்த இரண்டையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

கையால் பூசுவதை ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்பிரே கன் பரவுவதற்கு முன் ஓடிய கார்களில் பல, குதிரை வண்டிகளைப் போலவே, தூரிகையால் வார்னிஷ் பூசப்பட்டவைதாம். ஒரு காரின் வண்ணவேலை முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. 1920களில் டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்த பிறகே அந்த வேலை சுருங்கி, ஸ்பிரே நிலைபெற்றது. ஜீப்பின் தகடுகள் வளைவு குறைந்தவை. பல பாகங்கள் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடுபவை. எனவே கைவேலைக்கு இதைவிட இணக்கமான வண்டி கிடைப்பது அரிது. ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. மூக்கை வைத்துப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

நிறமும் பெயிண்ட்டும்

ஜீப் வாங்கியவுடன் எல்லோருக்கும் தோன்றும் ஆசை ராணுவப் பச்சை. அந்த ஆசையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறையின் வாகனங்களுக்கென ஒதுக்கிவைத்திருக்கிறது. வேறு நிறத்துக்கு மாறுவதானாலும், ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பதிவை மாற்றிக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க எப்படியும் அந்த அலுவலகத்தின் படியேற வேண்டியிருக்கும். நிறம் மாறியிருப்பதை அங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்புவது வீண். அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் பழைய நிறத்தையே அடித்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். பளபளக்கும் கறுப்பும் கருநீலமும் தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். மணல் நிறமும் சாம்பலும் பெருந்தன்மையாக மறைக்கும். மஞ்சளும் சிவப்பும் அடியிலுள்ளதை மறைக்கும் திறன் குறைந்தவை என்பதால் ஒன்றிரண்டு பூச்சு கூடுதலாகத் தேவைப்படும். முழுப் பளபளப்புக்குப் பதிலாக மிதமாக மினுங்கும் சாட்டின் வகையை வாங்கினால் தூரிகைத் தடங்கள் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

வண்டிகளுக்கு அடிக்கப்படும் பெயிண்ட்டுகளில் என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் வகை மிக விரைவாக உலர்வதால் ரோலருக்கு ஒத்துவராது. உருட்டி முடிப்பதற்குள் விளிம்பு காய்ந்துவிடும். ஹார்ட்னர் என்ற இறுக்கும் பொருளைக் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் உறுதியில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அந்த ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. உரிய பாதுகாப்பில்லாமல், குழந்தைகள் நடமாடும் வீட்டு வாசலில் அதைக் கையாள நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எஞ்சுவது சிந்தெடிக் எனாமல். இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிறோமே, அதே குடும்பம்தான். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுவதால், பூசிய பின் தானாகவே பரவிச் சமன்பட நேரம் கிடைக்கிறது. கைவேலைக்கு வேண்டிய குணம் இதுதான்.

இங்கேதான் என் முதல் முயற்சி கவிழ்ந்தது. கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டேன், கொடுக்கப்பட்டது என்.சி. தின்னர். எனாமலுக்கு வேண்டியதோ எம்.டி.ஓ. என்று டின்னில் அச்சிட்டிருக்கும் மினரல் டர்பன்டைன். இரண்டாம் பூச்சில் அந்தத் தின்னரைக் கலந்து பானட்டில் உருட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், ஆறுகிற பாலில் ஆடை சுருங்குவதைப் போல முழுப் பரப்பும் சுருங்கிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் பூச்சு மேலே மட்டும் காய்ந்து அடியில் மென்மையாக இருந்ததால், வீரியமான கரைப்பான் அதற்குள் இறங்கிக் கிளப்பிவிட்டது. அதைச் சுரண்டி இரும்பைக் காண எனக்கு மூன்று நாள் ஆயிற்று. கலக்குவதற்கும் தூரிகை கழுவுவதற்கும் டர்பன்டைன் மட்டுமே என்பதை அன்று கற்றேன்.

வண்டியில் ஏற்கெனவே இருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்பதை அறிய அதே என்.சி. தின்னர் உதவும். சிறு பஞ்சில் நனைத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் அரை நிமிடம் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சில் நிறம் தாராளமாகக் கரைந்து வந்தால் பழையது என்.சி.; மேற்பரப்பு மென்மையாகிச் சுருங்கினால் எனாமல்; ஒன்றுமே நிகழாவிட்டால் பெரும்பாலும் பி.யூ. நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் இம்மூன்றின் மேலும் எனாமல் நிற்கும்.

அளவைப் பொறுத்தவரை, துணிக் கூரை கொண்ட குட்டை ஜீப்பின் உள்ளும் புறமும் மூன்று மெல்லிய பூச்சுக்கு நான் வாங்கிய 4 லிட்டர் போதுமானதாக இருந்து, கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. தனித்தனி டின்களாக வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ள வேண்டும். ஒரே எண்ணுள்ள நிறமாயினும் டின்னுக்கு டின் மெல்லிய வேறுபாடு இருக்கக்கூடும். அது பக்கத் தகட்டின் நடுவில்தான் வந்து வெளிப்படும்.

துருவோடு நடக்கும் பஞ்சாயத்து

மொத்த வேலையில் நான்கில் மூன்று பங்கு, பெயிண்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிகிறது. விளக்குகள், பக்கக் கண்ணாடிகள், நம்பர் பிளேட், இருக்கைகள், படுதாவைத் தாங்கும் வளைகம்பிகள், ரப்பர் பீடிங் என்று கழற்ற முடிந்த அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். டேப் ஒட்டி மறைப்பதைவிடக் கழற்றுவது எப்போதும் மேல். பெயிண்ட் உரிவது பெரும்பாலும் டேப் ஒட்டிய விளிம்பிலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதிவைப்பதும், ஒயர்களைப் பிரிக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் பிற்பாடு வரும் தலைவலியைக் குறைக்கும்.

அடுத்து வண்டியைக் கழுவ வேண்டும். கிரீஸ் படிந்த இடங்களை மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புத் தூள் கரைத்த தண்ணீரால் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே கழுவுவது முக்கியம். இல்லாவிட்டால் உப்புத்தாள் அந்த எண்ணெய்ப் பிசுக்கை இரும்பின் கீறல்களுக்குள் தள்ளிவிடும். முன்பு யாராவது சிலிகான் பாலிஷ் போட்டிருந்தால், புதுப் பெயிண்ட் அந்த இடங்களில் மீன் கண்ணைப் போல வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

இனி துரு. வெளியே தெரியும் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். மறைந்திருப்பதே வண்டியைத் தின்கிறது. ஓட்டுநரின் கால்பக்கத் தரை, பின்சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள மூலைகள், சேசிஸின் மேல் பாடி உட்காரும் ரப்பர் பேக்கிங்குகளைச் சுற்றியுள்ள பகுதி, முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிவிளிம்பு ஆகியவற்றைத் திருப்புளியின் முனையால் குத்திப் பார்க்க வேண்டும். என் வண்டியில் ரப்பர் விரிப்பைத் தூக்கியபோது, பொரித்த அப்பளம் போலத் தரைத்தகடு பொருமி நின்றது. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், வாசலில் பதித்திருந்த செங்கல் தெரிந்தது. இத்தகைய ஓட்டையை எம்-சீல் கொண்டோ, பள்ளம் நிரப்பும் பசையான பட்டி கொண்டோ அடைப்பது, புண்ணின் மேல் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் டிங்கரிங் ஆளிடம் அந்தப் பகுதியை மட்டும் ஒப்படைத்துவிடலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். டீசல் டேங்கின் அருகே நெருப்புப் பொறி பறக்கும் வேலை எதுவானாலும் டேங்கைக் கழற்றி அப்புறப்படுத்திய பின்னரே செய்ய வேண்டும். கிரைண்டரிலிருந்து தெறிக்கும் பொறிகள் கண்ணாடியில் பட்டால் அதில் பதிந்து நிரந்தரப் புள்ளிகளாகிவிடும் என்பதால், கழற்றாத கண்ணாடியை ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும்.

தேய்க்கத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயிண்ட்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில், குறிப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய பிரைமரில், அதாவது அடிப்பூச்சில், நச்சுள்ள குரோமேட்டும் இருக்கக்கூடும். ஆகவே பழைய பெயிண்ட்டை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி பறக்கவிடாமல், வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே முறை. முகத்தில் நல்ல வடிகட்டியுள்ள மாஸ்க் இருக்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு அந்த வேலையைச் செய்யாது. கீழே தார்ப்பாய் விரித்து, சேறாகச் சேரும் கழிவை வழித்தெடுத்துத் தனியே கட்டி வைக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும், கோழி மேயும் வாசலில் அதைக் கொட்டக்கூடாது.

துருப்பிடித்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷாலும் 80ஆம் எண் உப்புத்தாளாலும் (எண் கூடக்கூடத் தாள் நுண்மையானது) வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். உறுதியாக ஒட்டியுள்ள பழைய பெயிண்ட்டை முழுவதும் நீக்க வேண்டிய அவசியமில்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தால், உரிந்து வருகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். நிற்கிற பெயிண்ட்டை 220ஆம் எண் தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். இரும்பும் பழைய பெயிண்ட்டும் சேரும் விளிம்பைத்தான் பொறுமையாக, 120இல் தொடங்கி 220வரை, சரிவாக இழைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த விளிம்பைத் தடவ வேண்டும். விரலுக்குப் படி தட்டுப்பட்டால், பெயிண்ட் அடித்த பின் அது கண்ணுக்கும் தட்டுப்படும்.

சுரண்டியும் குழிகளுக்குள் தங்கிவிட்ட துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டரைத் தடவினால், அது துருவோடு வினைபுரிந்து கறுப்பான இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். கையுறை இல்லாமல் அதைத் தொடக்கூடாது. அதன் பிறகு கழுவ வேண்டுமா வேண்டாமா என்பதில் ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு விதம். டின்னில் எழுதியிருப்பதே வேதவாக்கு. சுரண்டிய இரும்பை ஓர் இரவுகூட வெறுமனே விடக்கூடாது. இரவுப் பனியில் நனைந்த தகட்டில் காலையில் செம்மண் தூவியது போலப் புதுத்துரு பூத்திருக்கும். ஒரு நாளில் எவ்வளவுக்குப் பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் சுரண்டுவதே கணக்கு.

பிரைமரும் பட்டியும்

கடைகளில் எளிதாகக் கிடைப்பது ரெட் ஆக்சைடு பிரைமர். அது தவறில்லை. ஆனால் மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டியின் வெற்றிரும்புக்கு, இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமருக்கே என் வாக்கு. அது ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதில் பல மடங்கு மேலானது. கலவை விகிதத்தைக் கண்ணளவில் போடாமல் அளவுக் கோப்பையால் அளக்க வேண்டும். கலந்ததைக் குறித்த நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் சிறிது சிறிதாகக் கலப்பது நல்லது. இறுகிய எபாக்சியின் மேல் எனாமல் பிடிக்க, 320ஆம் எண் தாளால் ஒருமுறை மங்கலாக்கிக்கொள்ள வேண்டும்.

பிரைமருக்கு மேல் பட்டி. இதில் பலர் செய்யும் தவறு, ஆழமான பள்ளத்தை முழுவதும் பட்டியாலேயே நிரப்புவது. உள்ளிருந்து சுத்தியலால் தட்டித் தகட்டை முடிந்தவரை நிமிர்த்திவிட்டு, எஞ்சும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மட்டுமே பட்டி பார்க்க வேண்டும். அதற்கு மேல் தடித்தால், காட்டுத் தடத்தில் வண்டி குலுங்கும்போது தோசைக்கல்லிலிருந்து வறட்டுத் தோசை கிளம்புவதுபோலப் பெயர்ந்து வரும். நம் வெயிலில் ஹார்ட்னர் கலந்த பட்டி சில நிமிடங்களில் இறுகிவிடுவதால், எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் குழைக்க வேண்டாம். இந்த வகைப் பட்டி தண்ணீரை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஆகையால் இதை மட்டும் உலர்ந்த தாளால்தான் தேய்க்க வேண்டும், தேய்த்த கையோடு பிரைமர் அடித்து மூடிவிட வேண்டும். தேய்க்கும் முன் பட்டியின் மேல் பென்சிலால் கிறுக்கிவைத்தால், கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம் என்பது தானாகத் தெரியும். இரவில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால், பகலில் காணாத நெளிவுகள் நிழலாக எழுந்து நிற்கும்.

சேசிஸ் எண் வெட்டியிருக்கும் இடத்தில் பட்டியோ தடித்த பெயிண்ட்டோ படக்கூடாது. பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

உருட்டுவதும் வருடுவதும்

பெயிண்ட் அடிக்க எங்கள் பக்கத்தில் உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூனிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்று தெருப் புழுதி முழுவதையும் வண்டிமேல் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வண்டியை மர நிழலில் நிறுத்தக்கூடாது, இலையும் எறும்பும் விழும்; கொட்டகையோ உயரக் கட்டிய தார்ப்பாயோ வேண்டும். காலை ஏழு மணிக்குப் பனி உலர்ந்ததும் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். புறங்கையைத் தகட்டில் வைத்தால் சுடக்கூடாது. சூடான தகட்டில் பெயிண்ட் பரவுவதற்கு முன்பே தோல் கட்டிவிடும். மாலையில் அடித்தால் இரவுப் பனி விழுந்து பளபளப்பு வெளுத்துப்போகும். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், விளக்கைப் போட்டுக்கொண்டு மட்கார்டை முடித்துவிடலாம் என்று துணிந்தேன். ஈசல் கூட்டம் மொத்தமும் அதிலேயே வந்து படுத்துக்கொண்டது. அப்படி நேர்ந்தால் ஈரத்தில் கிள்ளி எடுக்க முயலாமல், நன்கு காயவிட்டு 400ஆம் எண் வாட்டர் பேப்பரால் தேய்த்தெடுப்பதே வழி. கிள்ளினால் ஒரு ஈசலுக்குப் பதில் ஒரு குழி மிஞ்சும்.

கருவிகள் சில. நான்கு அங்குல அகலமுள்ள, நுண்ணிய துளைகள் கொண்ட ஃபோம் ரோலர். கம்பளி ரோலர் சுவருக்கு உரியது, தகட்டில் இழை உதிர்க்கும். இரண்டரை அங்குலத்தில் மென்மையான, அடர்த்தியான தூரிகை ஒன்று. தூரிகையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். புதுத் தூரிகையைக் கையில் பலமுறை தட்டி, டர்பன்டைனில் கழுவி, சீப்பால் வாரி, உதிரும் முடியெல்லாம் உதிர்ந்த பின்பே வண்டியில் வைக்க வேண்டும்.

பெயிண்ட்டைக் குலுக்காமல் குச்சியால் அடிவரை துழாவிக் கலக்க வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழி சேரும். பிறகு 5 முதல் 10 சதவீதம்வரை டர்பன்டைன் சேர்த்து, பழைய நைலான் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். குச்சியைத் தூக்கினால் இழை அறுபடாமல், ஆனால் தேனைப்போலத் தயங்காமல், நல்லெண்ணெய்போல ஒழுக வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, பழைய வேட்டித் துணியை டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து, தகட்டை ஒருமுறை துடைத்து உலரவிட்ட பிறகு தொடங்கலாம்.

பானட்டைக் கொண்டு முறையை விளக்குகிறேன். ஏறத்தாழ ஒன்றரை அடி அகலப் பட்டைகளாக அதை மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். ரோலரைத் தட்டில் நனைத்து, அதிகப்படியை வடித்துவிட்டு, முதல் பட்டையில் குறுக்காகச் சில தடவை உருட்டி இறக்கி, பின் நெடுக்காக உருட்டிச் சமன்படுத்த வேண்டும். அழுத்தம் வேண்டாம், ரோலரின் எடையே போதும். உருட்டிய இடம் இப்போது ஆரஞ்சுத் தோலைப்போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். உடனே, பெயிண்ட்டில் தோய்க்காத, நுனி மட்டும் லேசாக ஈரமான தூரிகையைச் சாய்த்துப் பிடித்து, அதன் முடிநுனி மட்டும் படும்படி, ஒரே திசையில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் வருட வேண்டும். தூங்குகிற குழந்தையின் நெற்றியில் முடியை ஒதுக்குவோமே, அந்த அளவு கனம்தான். குமிழிகள் உடைந்து புள்ளிகள் அடங்கும். மெல்லிய கோடுகள் எஞ்சும். அவை சில நிமிடங்களில் தாமாகவே பரவி மறையும்.

முதல் பட்டை ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டையை உருட்டி, இரண்டும் சேருமிடத்தில் ஓரிரு அங்குலம் மேலேறி, புதிய இடத்திலிருந்து பழைய ஈரத்தை நோக்கி வருடித் தூரிகையைத் தூக்கிவிட வேண்டும். இந்த ஈர விளிம்பைக் காப்பதுதான் கலையெல்லாம். விளிம்பு காய்ந்த பின் சேர்த்தால் அந்தக் கோடு சாகும்வரை போகாது. ஆகவே ஒரு தகட்டைத் தொடங்கினால் முடிக்காமல் நகரக்கூடாது. கைப்பேசி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஒருவர் உருட்ட இன்னொருவர் வருடினால் வேலை இன்னும் நன்றாக அமையும். என் மனைவிக்குக் கை நிதானம் அதிகம் என்பதால் தூரிகை அவரிடம் போய்விட்டது. பக்கத் தகடுகள் பானட்டைவிட நன்றாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

செங்குத்தான தகடுகளில் இன்னும் மெல்லியதாக உருட்டி, கடைசி வருடலைக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு தகடும் முடிந்த பத்து நிமிடத்தில் திரும்பிவந்து அடிவிளிம்பையும் போல்ட் துளைகளையும் பார்ப்பது அவசியம். வடியும் துளி அங்கேதான் திரளும். பெயிண்ட் இறுகத் தொடங்கிவிட்டால் எந்தக் குறையையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஒரு சிறு முடியை எடுக்கப் போய் உள்ளங்கை அகலத்துக்குக் கெடுத்தவர்கள் என்னைத் தவிரவும் பலர் இருப்பார்கள்.

முதல் பூச்சு முடிந்ததும் மனம் சோர்ந்துபோகும். அடியிலுள்ள பிரைமர் திட்டுத்திட்டாகத் தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே பூச்சில் மறைக்க முயன்றால் வடியும், அல்லது மேலே தோல் கட்டி அடியில் காயாமல் நிற்கும். வறண்ட காலத்தில் முழுதாக ஒரு நாள் விட்டு, நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத நிலையில், 400ஆம் எண் வாட்டர் பேப்பரால் மெல்லத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது பெயிண்ட் பால்போலக் கரைந்து வந்தால் சரி. தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டினால் இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். இப்படியே இரண்டாவது, மூன்றாவது பூச்சு. கடைசிப் பூச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக டர்பன்டைன் சேர்த்தால் பூச்சு இன்னும் நன்றாகப் பரவிச் சமன்படும். டேப்பை அந்தப் பூச்சு முழுவதும் இறுகுவதற்கு முன், மடக்கிச் சாய்வாக, மெதுவாக உரிக்க வேண்டும்.

டர்பன்டைனும் எனாமலும் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. எனாமலிலுள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடேறி, குவியலாகக் கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்க இடமுண்டு. விரித்துக் காயவைக்கலாம், அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் போட்டுவைக்கலாம்.

சக்கரங்களுக்கு ஒரு சிறு உபாயம். டயரின் காற்றைக் குறைத்துவிட்டு, ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சுற்றிலும் செருகினால், டேப் ஒட்டும் வேலையே இல்லை. அந்தத் தடித்த அட்டைக்கு இதைவிட நல்ல மறுபயன்பாட்டை நான் கண்டதில்லை. ஆனால் சக்கர நட்டு வந்து அமரும் சரிவிலும், ரிம் பிரேக் டிரம்மோடு ஒட்டும் பரப்பிலும் பெயிண்ட் இருக்கக்கூடாது. அங்கே தடித்துள்ள பூச்சு ஓட்டத்தில் நசுங்கி நட்டைத் தளர்த்திவிடும். சக்கரத்தை மாட்டிய பின் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் நட்டுகளை மீண்டும் முடுக்கிப் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், தரையிலுள்ள வடிகால் துளைகள் ஆகியவற்றையும் தொடக்கூடாது. துளையை அடைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி, அடித்த பெயிண்ட்டையே அரிக்கத் தொடங்கும்.

மறுநாளே தொட்டால் ஒட்டாது என்றாலும், எனாமல் உள்வரை இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வண்டியை ஓட்டலாம். ஆனால் அழுத்தித் தேய்த்துக் கழுவுவது, மெழுகு போடுவது, படுதாவை இறுக்கிக் கட்டுவது ஆகியவற்றைத் தள்ளிப்போட வேண்டும். பிரேக் ஆயில் சிந்தினால் எந்த நிலையிலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், அது எனாமலைக் கரைத்துவிடும். பளபளப்பு இன்னும் வேண்டுமென்பவர்கள் இரண்டு மாதம் கழித்து 2000ஆம் எண் தாளும் ரப்பிங் காம்பவுண்டும் கொண்டு பானட்டை மட்டும் மெருகேற்றிப் பார்க்கலாம். நான் செய்யவில்லை, அடுத்த வாரமே உண்ணிச்செடி அதில் எழுதத் தொடங்கிவிடும் என்று தெரியும்.

மிஞ்சிய பெயிண்ட்டைப் பெரிய டின்னிலேயே விட்டுவைத்தால் உள்ளிருக்கும் காற்றால் தோல் கட்டிக் கெட்டுவிடும். சிறிய கண்ணாடிக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி, ஒரு குப்பியைக் கந்தையில் சுற்றி, 400ஆம் எண் தாள் துண்டோடும் அரை அங்குலத் தூரிகையோடும் வண்டியின் டூல் பாக்ஸிலேயே போட்டுவைத்திருக்கிறேன். சென்ற முறை மலையிலிருந்து இறங்கியபோது இடப்பக்க மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு தெரியக் கீறியிருந்தது. தேய்த்து, துடைத்து, பிரைமர் தொட்டு, மறுநாள் காலையில் பெயிண்ட் தொட்டு முடிக்க எல்லாமாகச் சேர்த்து அரை மணி நேரம்தான் ஆயிற்று.